முல்லர்: ஜெர்மனியின் முதலிடத்துக் குடும்பப் பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் படிக்கப் போனவர்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் தெரியும். கால்பந்து பார்ப்பவர்களுக்கு கெர்ட் முல்லரையும் தாமஸ் முல்லரையும் தெரியும். ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ போனவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று முல்லர்களைச் சந்தித்துவிடுவார்கள். அந்தப் பெயரைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

முல்லர் என்றால் என்ன பொருள்?

தானியம் அரைப்பவர். நம்மூர் வழக்கில் சொன்னால் மாவுமில்காரர். இன்றைய ஜெர்மன் மொழியிலும் அந்தச் சொல் அந்தத் தொழிலைத்தான் குறிக்கிறது, சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. எல்லாத் தொழிற்பெயர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஷ்ரோடர் என்று ஒரு பெயர் இருக்கிறது. வட ஜெர்மனியில் ஒரு காலத்தில் அது தையற்காரரைக் குறித்தது. இன்று ஷ்ரோடர்களுக்கே அதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. ரோமானியர் வருவதற்கு முன் ஜெர்மானிய மக்கள் கையால் சுற்றும் திருகையில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடும் தண்ணீரால் சுழலும் ஆலையை ரோமானியர் கொண்டுவந்தபோது அதன் பெயரும் கூடவே வந்தது. 'மோலா' என்றால் லத்தீனில் அரவைக்கல், 'மோலினா' அரவை ஆலை, 'மோலினாரியுஸ்' அதை நடத்துபவர். கடைசிச் சொல் பழைய ஜெர்மனில் 'முலினாரி' ஆகி, இடைக்காலத்தில் 'முல்னர்' என்று சுருங்கியது. நடுவில் இருந்த 'ன்' பக்கத்து 'ல்' ஒலியோடு கரைந்து 'முல்லர்' ஆயிற்று. ஆஸ்திரியா, பவாரியா பக்கங்களில் இன்றும் 'முல்னர்' என்றே பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் அந்த 'ன்' பத்திரமாக இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. ஆங்கிலத்தின் 'மில்' என்ற சொல்லும் அதே 'மோலினா'விலிருந்து வந்ததுதான். ஆக, தெருமுனை மாவு மில்லின் பலகையில் இருக்கும் 'மில்'லும் முல்லரும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள்.

ஊருக்கு ஒரு மில்தானே இருந்திருக்கும்? அப்புறம் எப்படி நாட்டிலேயே அதிகம் பேருக்கு இந்தப் பெயர்?

நல்ல கேள்வி. பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்கு ஒரு மில் இருந்ததால்தான் இந்தப் பெயர் இவ்வளவு பெருகியது.

பெயர் எதற்கு? ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட. முப்பது உழவர் வீடுகள் உள்ள கிராமத்தில் ஐந்து ஹான்ஸ்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'உழவர் ஹான்ஸ்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'மில்காரர் ஹான்ஸ்' என்றால் ஒருவர்தான். பக்கத்துக் கிராமத்திலும் ஒரு மில்காரர், அதற்கடுத்த கிராமத்திலும் ஒருவர். ஒவ்வோர் ஊரிலும் தனித்துத் தெரிந்த அந்த ஒருவருக்கு அதே அடையாளம் ஒட்டிக்கொண்டது. இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்த பெயர் இது. ஒரே மூதாதையரிடமிருந்து கிளம்பிப் பரவியது அல்ல.

இதைப் பிடித்துக்கொண்டால் ஜெர்மனியின் முதல் பத்துக் குடும்பப் பெயர்களும் புரிந்துவிடும். முல்லர், ஷ்மிட் (கொல்லர்), ஷ்னைடர் (தையற்காரர்), ஃபிஷர் (மீன் பிடிப்பவர்), வேபர் (நெசவாளர்), மையர் (பண்ணைக் காரியஸ்தர்), வாக்னர் (வண்டி செய்யும் தச்சர்), பெக்கர் (ரொட்டி சுடுபவர்), ஷுல்ஸ் (ஊர்த்தலைவர், நம் பழைய மணியக்காரர் மாதிரி), ஹோஃப்மன் (பண்ணையோடு சேர்ந்தவர்). பத்துமே தொழிலோ பொறுப்போ சார்ந்த பெயர்கள். அந்தக் காலத்து மக்களில் மிகப் பெரும்பான்மையினர் உழவர்கள், ஆனால் உழவர் என்று பொருள்படும் 'பவர்' இந்தப் பத்தில் இல்லை. பவாரியாவிலும் ஆஸ்திரியாவிலும் 'பவர்'கள் நிறைய உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்த ஜெர்மனியை எடுத்தால்தான் அது பின்தங்குகிறது.

இன்னொரு காரணம், ஆலை அவ்வளவு சுலபமாக மூடப்படாது. பல இடங்களில் 'ம்யூலன்பான்' என்ற கட்டாயம் இருந்தது. அதாவது, ஒரு பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட உழவர்கள் அவர் குறிக்கும் ஆலையில்தான் அரைக்க வேண்டும், பக்கத்து ஊரில் கூலி குறைவென்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாடிக்கையாளர்கள் இப்படிக் கட்டுண்டு கிடந்ததால் ஆலைகள் தலைமுறை தலைமுறையாக நின்றன. அப்பாவுக்குப் பின் மகன் நடத்த, பெயரும் அங்கேயே தங்கியது.

எத்தனை முல்லர்கள் இருக்கிறார்கள்?

ஜெர்மனியில் சுமார் நூறு பேருக்கு ஒருவர். சுவிட்சர்லாந்திலும் இந்தப் பெயர்தான் முதலிடம். ஆஸ்திரியாவில் க்ரூபர் முந்திக்கொள்கிறது. அது தொழிற்பெயர் அல்ல, பள்ளமான நிலத்தில் குடியிருந்தவர் என்று பொருள்.

ஷ்மிட்தான் முதலிடம் என்று எங்கோ படித்தேனே?

எண்ணும் முறையைப் பொறுத்தது. கொல்லரைக் குறிக்கும் பெயர் ஷ்மிட், ஷ்மிட்ஸ், ஷ்மீட் என்று பலவாறு சிதறிக் கிடக்கிறது. ஷ்மிட் என்று ஒரே மாதிரி ஒலிப்பதையே மூன்று விதமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் கொல்லர்கள்தான் அதிகம். ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகக் கணக்கிட்டால் முல்லர் ஜெயிக்கிறார். பெரும்பாலான பட்டியல்கள் இரண்டாவது வழியில் போகின்றன.

குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?

12ஆம் நூற்றாண்டு வாக்கில், முதலில் ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும். நகரங்கள் பெருத்தன, வரிப் பட்டியலும் சொத்துப் பத்திரமும் வந்தன, ஆனால் ஞானஸ்நானப் பெயர்களோ கொஞ்சம்தான். எங்கு பார்த்தாலும் யோஹன்னஸ், ஹைன்ரிஷ், கொன்ராட். பக்கத்தில் ஓர் அடைமொழி இல்லாமல் காலம் தள்ள முடியவில்லை. ஆரம்பத்தில் அது பட்டப்பெயர் மாதிரிதான், மகன் வேறு தொழிலுக்குப் போனால் அடைமொழியும் மாறிவிடும். மெல்ல மெல்லத்தான் அது பரம்பரைச் சொத்தாயிற்று. வடமேற்கில் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் மக்கள் அப்பா பெயரையே போட்டுக்கொண்டு வெகுகாலம் ஓட்டினார்கள். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று 1811இல் நெப்போலியன் ஆணையிட வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டல் கெட்டிப்பட்டது அதற்கும் பிறகு, 1876 முதல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியபோது.

மில்காரர்களுக்குக் கெட்ட பெயர் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதற்குக் காரணமும் இருந்தது.

மில்காரருக்குக் கூலி காசாகக் கிடைக்காது. அரைக்க வந்த தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். பல இடங்களில் பதினாறில் ஒரு பங்கு. உழவர் ஒரு மூட்டை ரை தானியத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார், திரும்பி வந்தால் மாவு கிடைக்கிறது. நடுவில் என்ன நடந்தது? தவிடு எவ்வளவு, தூசியாகப் பறந்தது எவ்வளவு, கல்லிடுக்கில் ஒட்டியது எவ்வளவு, அளக்கும் படி சரியானதுதானா? சோதிக்க வழியில்லை. வேறு ஆலைக்குப் போகவும் முடியாது. ஆலையோ ஓடைக்கரையில், ஊருக்கு வெளியே, இரவிலும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வளர இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லா மில்காரர்களும் திருடினார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் நேர்மையான மில்காரராலும் தன் நேர்மையை நிரூபிக்க முடியாத ஏற்பாடு அது.

விளைவு வெறும் கேலியோடு நிற்கவில்லை. பல பகுதிகளில் மில்காரர்கள் 'மதிப்பற்ற தொழில்' செய்பவர்களாகக் கருதப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. சில ஊர்களில் தூக்குமேடைக்கு ஏணி கொடுப்பதுகூட மில்காரரின் கடமையாக இருந்தது. 1548இல் புனித ரோமானியப் பேரரசு ஓர் ஒழுங்குமுறை ஆணை வெளியிட்டது. துணி நெய்பவர், முடி திருத்துபவர், ஆடு மேய்ப்பவர், மில்காரர், சுங்கம் வசூலிப்பவர், குழல் ஊதுபவர், குளியல் இல்லம் நடத்துபவர் ஆகியோரின் பிள்ளைகளை ஒதுக்கக் கூடாது என்றது. 1577இல் அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. முதல் தடவை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அப்படியானால் நம் சாதிப் பெயர் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

தமிழர்கள் கேட்காமல் விடாத கேள்வி. கைவினைச் சங்கங்களின் ஒதுக்கலைப் பார்க்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பு. ஒதுக்கப்பட்டதால் மில்காரக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடங்களும் உண்டு. ஆனால் ஒதுக்கல் தொழிலோடு போயிற்று, பெயரோடு வரவில்லை. ஆலையை விட்டு நகரத்தில் வேறு வேலை பார்த்த முல்லரை அவர் பெயருக்காக யாரும் தள்ளி வைக்கவில்லை. இன்று ஒரு முல்லரின் பெயரைக் கேட்டு அவர் குடும்பப் பின்னணியையோ யாரைத் திருமணம் செய்வார் என்பதையோ யாராலும் ஊகிக்க முடியாது. பெயர் சாட்சியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

'முதலில் வந்தவருக்கே முதலிடம்' என்பது மில்லிலிருந்து வந்த பழமொழியா?

ஜெர்மனில் அது 'முதலில் வருபவர் முதலில் அரைப்பார்' என்றுதான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐக்கெ ஃபொன் ரெப்கோ தொகுத்த சாக்ஸன் சட்ட நூலிலேயே இது சட்ட விதியாக வருகிறது: ஆலைக்கு முதலில் வந்தவர் முதலில் அரைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர் பின்னால் வந்து வரிசையில் முந்தக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இன்று ஜெர்மானியர்கள் பேருந்தில் இடம் பிடிக்கும்போதும் இதைச் சொல்கிறார்கள்.

மோலர், மில்லர், மோலிட்டர் எல்லாம் இதே பெயர்தானா?

ஆமாம், வட்டாரத்துக்கு ஏற்ற உடை. வடக்கே பேசும் தாழ்நில ஜெர்மனில் அது 'மோலர்'. தெற்கே, இதழைக் குவிக்காமல் பேசும் வட்டாரங்களில் 'மில்லர்'. 'மோலிட்டர்' அப்படியே லத்தீன், பதிவேடு எழுதிய பாதிரியாரோ எழுத்தரோ மொழிபெயர்த்துவிட்டது.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்களுக்கு லத்தீன், கிரேக்கப் பெயர் வைத்துக்கொள்ளும் மோகம் இருந்தது. சில முல்லர்கள் 'மிலியுஸ்' ஆனார்கள். இன்னும் சிலர் தொழிலை விட்டு ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். வானியலில் புகழ்பெற்ற ரெஜியோமொன்டானுஸ் (1436–1476) உண்மையில் யோஹன்னஸ் முல்லர். பிறந்த ஊர் ஃப்ராங்கோனியாவின் கோனிக்ஸ்பெர்க். அரசன் மலை என்று அர்த்தம், அதன் லத்தீன் வடிவம்தான் அவர் பெயர்.

ஜெர்மனிக்கு வெளியிலும் மில்காரர்கள் நிறைய. ஹங்கேரியின் மோல்னார், இத்தாலியின் மோலினாரி, நெதர்லாந்தின் முல்டர், உக்ரைனின் மெல்னிக் எல்லோரும் ஒரே தொழில்தான்.

சரியான உச்சரிப்பு என்ன?

'முல்லர்' என்பது நம் வசதிக்காக. முதல் உயிரொலி தமிழில் இல்லை. 'உ' சொல்வதற்கு இதழைக் குவித்துக்கொண்டு, அப்படியே வைத்தபடி 'இ' சொல்லிப் பாருங்கள், அதுதான். கடைசி 'ர்' அநேகமாகக் காதில் விழாது, லேசான 'அ' போல முடியும்.

சிலர் 'யு' (u) எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தும் (ü) சிலர் அதன் பின்னால் 'இ' (e) எழுத்துச் சேர்த்தும் (ue) எழுதுகிறார்களே, எது சரி?

இரண்டும் ஒன்றுதான். பழைய எழுத்தர்கள் 'யு' எழுத்தின் தலைமேல் சின்னதாக ஓர் 'இ' எழுத்தை எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் அந்த எழுத்து இரண்டு சிறு கோடுகளாக இருக்கும். அது தேய்ந்து இரண்டு புள்ளியானது. புள்ளி இல்லாத தட்டச்சில் அந்த 'இ' மறுபடி கீழே இறங்கிவிடும். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியிலும் அப்படித்தான் இருக்கும். புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு 'யு'வை அப்படியே விட்டால்தான் தவறு, அப்போது வேறு ஒலியாகிவிடும்.

அமெரிக்காவுக்குக் குடியேறிய பலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 'மில்லர்' ஆகிவிட்டார்கள். 'இ' சேர்த்த எழுத்தோடு நின்றவர்களின் உச்சரிப்பு அங்கே வேறு திசையில் போயிற்று. எஃப்.பி.ஐ.யின் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் 'மல்லர்'.

மாக்ஸ் முல்லர் மில்காரப் பரம்பரையா?

முன்னோரில் யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும், ஆனால் அவருக்கு வெகு முன்பே ஆலை கைவிட்டுப் போய்விட்டது. 1823இல் டெசாவ் நகரில் பிறந்த சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரின் அப்பா வில்ஹெல்ம் முல்லர் ஒரு கவிஞர், தாத்தா தையற்காரர். அதாவது முல்லர் என்ற பெயருள்ள ஷ்னைடர். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தையற்காரரின் மகன் எழுதிப் புகழ் பெற்றது ஆலையில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் மில்காரரின் மகள்மீது கொண்ட காதலைப் பற்றிய கவிதைகள். ஷூபர்ட் 1823இல் அவற்றுக்கு இசையமைத்தார்.

மாக்ஸ் என்பது அவருடைய இரண்டாவது பெயர்தான், முதல் பெயர் ஃப்ரீட்ரிஷ். வெறும் முல்லர் என்று இருந்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம் என்று நினைத்து, 'மாக்ஸ் முல்லர்' இரண்டையும் சேர்த்தே குடும்பப் பெயராக ஆக்கிக்கொண்டார். பிரித்துக் காட்டப் பிறந்த பெயர், எல்லோருக்கும் இருந்ததால் பிரித்துக் காட்டும் சக்தியை இழந்துவிட்டது.

மற்ற முல்லர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள்?

ஊரைச் சேர்த்து. திராட்சை ஆராய்ச்சியாளர் ஹெர்மன் முல்லர் சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்துக்காரர். 1882இல் ஜெர்மனியின் கைசன்ஹைமில் அவர் உருவாக்கிய திராட்சை 'முல்லர்-துர்காவ்' என்றே உலகம் முழுக்க விற்கிறது. இன்னொரு ஹெர்மன் முல்லர் 1920இலும், 1928 முதல் 1930 வரையும் ஜெர்மனியின் சான்சலர். நாடாளுமன்றத்தில் வேறு முல்லர்களும் இருந்ததால் தொகுதியைச் சேர்த்து 'முல்லர்-ஃப்ராங்கன்' என்று அழைத்தார்கள். நம்மூரில் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் அரசியல்வாதிகளுக்கு இது புதிதாகத் தெரியாது.

சாமானியப் பெண் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ஜெர்மானியர்கள் 'லீஸ்ஹன் முல்லர்' என்பார்கள். அவ்வளவு பொதுவான பெயர்.

கெர்ட் முல்லரும் தாமஸ் முல்லரும் உறவா?

இல்லை. ஒரே பெயர், ஒரே பயர்ன் முனிச் அணி, உலகக் கோப்பையில் ஒரே 13ஆம் எண் சட்டை. இருவருமே அதிக கோல் அடித்தவருக்கான விருதை வாங்கினார்கள்: கெர்ட் 1970இல் 10 கோல், தாமஸ் 2010இல் 5 கோல். இத்தனை ஒற்றுமைக்கும் ரத்த உறவு தேவைப்படவில்லை.

பெண்களுக்கு வேறு வடிவம் உண்டா?

முன்பு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில்கூடப் பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' விகுதி சேரும், முல்லர் வீட்டுப் பெண் 'முல்லரின்'. இசையமைப்பாளர் பாஹின் மனைவி அன்னா மக்தலேனாவும் 'பாஹின்' என்றே எழுதப்பட்டார். (இங்கே 'இன்' வேற்றுமை உருபு அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இப்போது ஆவணங்களில் அது இல்லை, பவாரியப் பேச்சில் மட்டும் கேட்கலாம்.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஜெர்மன் தொழிற்பெயர்கள் உண்டா?

1779இல் சென்னையில் அச்சான தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்த யோஹான் ஃபிலிப் ஃபப்ரீசியுஸ் பெயர் லத்தீன் வேடம் போட்ட கைவினைஞர் பெயர். ஷ்மிட்கள் லத்தீனுக்கு மாறும்போது வழக்கமாக எடுத்துக்கொண்டது அதுதான். அவருக்கு முன்பு தரங்கம்பாடியிலிருந்து 1726இல் சென்னைக்கு வந்த பெஞ்சமின் ஷுல்ஸ் பெயரளவில் மணியக்காரர்.

இன்றும் முல்லர் என்ற தொழில் இருக்கிறதா?

ஆலைகள் இருக்கின்றன, பழையதைப்போல் ஊருக்கொன்று இல்லை, குறைவாகவும் பெரிதாகவும். ஆனால் அந்தத் தொழிலுக்கான பயிற்சிப் படிப்பின் பெயர் 2017இல் மாறிவிட்டது. இப்போது படித்து வருபவர் 'அரவை மற்றும் தானியத் துறைச் செயல்முறைத் தொழில்நுட்பர்'. இந்தப் பெயர் யாருக்கும் குடும்பப் பெயராக ஒட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திங்களன்று நாடெங்கும் பழைய நீராலைகளையும் காற்றாலைகளையும் திறந்து காட்டுகிறார்கள். அன்று போனால், மில்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழைய முகமன் இன்னும் காதில் விழும்: 'க்ளூக் ட்ஸூ!' அதிர்ஷ்டம் உன் பக்கம் வரட்டும்.